ஒரு கேம் நம்மை உள்ளே இழுப்பது எதனால்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை சிம்மக்கல் பக்கம் சின்னதாக ஒரு கேமிங் சென்டர் நடத்துகிறேன். பள்ளி விட்டதும் வருகிற பையன்கள், கேம் டிசைன் படிக்கிற கல்லூரிப் பிள்ளைகள், மகனைத் தேடிக்கொண்டு வருகிற அம்மாக்கள் என்று வருகிறவர்கள் பலவிதம். கேள்விகள் மட்டும் சுற்றிச் சுற்றி ஒன்றுதான்: சில கேமில் மட்டும் ஆள் அப்படியே உள்ளே போய்விடுகிறானே, அது எப்படி? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

"உள்ளே போய்விட்டான்" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

உடம்பைப் பார்த்தாலே தெரியும். கார் கேமில் வளைவு வந்தால் தோளும் சேர்ந்து சாயும். ஒளிந்து போகிற இடம் வந்தால் பக்கத்தில் இருக்கிற நண்பனிடம் குசுகுசுவென்று பேசுவார்கள், திரைக்குள் நிற்கிற காவலாளிக்குக் கேட்டுவிடுமாம். பேய் கேம் என்றால் கொஞ்ச நேரத்தில் இரண்டு காலும் நாற்காலி மேல் ஏறிவிடும். தரையில் இருப்பது என் கடை டைல்ஸ்தான் என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் காலைக் கீழே வைக்க மாட்டான்.

இதில் இரண்டு வகை உண்டு. 1984-இல் வந்த டெட்ரிஸில் ஊரும் இல்லை, ஆளும் இல்லை. விழுகிற கட்டைகள் மட்டும்தான். அதிலும் மணிக்கணக்கில் மூழ்கிப் போகலாம். அது ஒரு வேலைக்குள் மூழ்குவது. இன்னொன்று, ஓர் இடத்துக்குள் போய் இருப்பது. அங்கே காற்று அடிப்பதும், இருட்டுவதும், யாரோ வருவதும் நமக்கே நடப்பது போல இருக்கும். கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாவதைப் பற்றி.

கிராபிக்ஸ் நன்றாக இருந்தால் போதும்தானே?

போதாது. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1999-இல் முதல் பிளேஸ்டேஷனுக்கு சைலன்ட் ஹில் வந்தது. அந்தப் பெட்டிக்கு ஒரு முழுத் தெருவைத் தூரம் வரை வரைந்து காட்டுகிற சக்தி கிடையாது. அதனால் ஊர் முழுக்க மூடுபனி போட்டு மறைத்துவிட்டார்கள். நான்கு அடி தள்ளி என்ன இருக்கிறது என்று தெரியாது. கையில் ஒரு ரேடியோ, ஏதாவது நெருங்கினால் அது கரகரக்கும். பார்க்க முடியவில்லை, ஆனால் வருகிறது என்று தெரிகிறது. அதைவிட என்ன வேண்டும்? இயந்திரத்தின் இயலாமைதான் அந்த ஊரின் அடையாளமாகவே ஆகிப்போனது.

இதற்கு நேர் எதிரான கதை நம்ம பையன்கள் எல்லாருக்கும் தெரிந்த கேமில் நடந்தது. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ், 2004. பிரவுசிங் சென்டர் காலத்தில் மதுரையில் அதை விளையாடாத ஆள் குறைவு. பழைய கேமில் தூரத்தில் எல்லாம் மங்கலாக, ஆரஞ்சு நிறப் புகைமூட்டத்தில் கரைந்து போகும். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போனால் ஏதோ நெடும்பயணம் போன மாதிரி இருக்கும். 2021-இல் அதைப் புதுப்பித்து வெளியிட்டபோது அந்த மூட்டம் போய்விட்டது. மவுன்ட் சிலியாட் மலை உச்சியில் நின்றால் மொத்த மேப்பும் பளிச்சென்று தெரிகிறது. இவ்வளவுதானா நாம் சுற்றிய ஊர் என்றாகிவிட்டது! ஆட்கள் சத்தம் போட்டார்கள். 2024-இல் பழைய ஒளியமைப்பைத் திரும்பக் கொண்டுவருகிற வசதியைச் சேர்த்தார்கள். தெளிவு கூடியதும் ஊர் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான் விஷயம்.

லிம்போவை எடுத்துக்கொள்ளுங்கள், 2010. முழுக்கக் கறுப்பு வெள்ளை. அதில் நாயகனாக வருகிற சின்னப் பையனுக்கு முகமே கிடையாது, இரண்டு கண் மட்டும் மினுங்கும். 2018-இல் வந்த ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் அதையும் தாண்டியது. சாம்பல் நிறம்கூடக் கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் இருட்டு அல்லது வெளிச்சம். கதை நடக்கிற கப்பலின் மேல்தளத்தில் நடந்தால் பலகை கிரீச்சிடுவது கேட்கும், எங்கோ செத்துப்போனவன் கடைசியாகப் பேசியது கேட்கும். படம் எவ்வளவு குறைவோ அவ்வளவு வேலை நம் மூளைக்கு. அப்படி நாமே கட்டிய இடத்தை விட்டு நமக்கே வெளியே வர மனம் இருக்காது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நல்ல கிராபிக்ஸுக்கு நான் எதிரி இல்லை. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இல் விடியற்காலை வெளிச்சம் மரங்களுக்கு நடுவே வருவதைப் பார்த்துவிட்டு யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். பணம் முழுவதையும் அங்கேயே கொட்டிவிட்டு, மற்றதைக் கோட்டை விடுகிற கேம்கள்தான் எனக்குப் பிடிப்பதில்லை.

அப்படியானால் எதில்தான் இருக்கிறது?

என் பதில்: முதலில் காது.

திரை நமக்கு முன்னால் மட்டும்தான் இருக்கிறது. சத்தம் பின்னாலும் வரும், சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் வரும். ராத்திரி டவுன்ஹால் ரோட்டில் நடக்கும்போது, கடை கண்ணில் படுவதற்கு முன்பே கொத்து பரோட்டா போடுகிற சத்தம் வந்துவிடுகிறது இல்லையா? கல்லில் இரும்பு அடிக்கிற அந்தத் தாளத்தை வைத்தே கடை எந்தச் சந்தில் இருக்கிறது, கூட்டம் இருக்கிறதா என்றுகூட ஊர்க்காரன் சொல்லிவிடுவான். கேமும் அந்தப் பழக்கத்தைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது.

இடது பக்கம் ஒரு சத்தம் எழுந்தால் அது இடது காதுக்கு முதலில் போகும், வலது காதுக்குக் கொஞ்சம் பிந்திப் போகும். அந்த இடைவெளி அதிகபட்சம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. தலையே நடுவில் மறைப்பதால் வலது காதில் சத்தம் மங்கியும் கேட்கும். இந்த இரண்டையும் வைத்து மூளை திசையைக் கணக்குப் போட்டுவிடுகிறது. ஹெட்போனில் இரண்டு காதுக்கும் தனித்தனியாகச் சத்தம் அனுப்ப முடியும் என்பதால் கேமும் இதே வித்தையைச் செய்கிறது. 2017-இல் வந்த ஹெல்பிளேடு: செனுவாஸ் சாக்ரிஃபைஸில் நாயகிக்குக் கேட்கிற குரல்களை இரண்டு காதுக்கும் தனித்தனி மைக் வைத்துப் பதிவு செய்தார்கள். ஹெட்போன் போட்டு விளையாடினால் யாரோ கழுத்துக்குப் பின்னால் நின்று பேசுவது போலவே இருக்கும். முதல் தடவை விளையாடுகிறவர்கள் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

1998-இல் வந்த தீஃப் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. அதில் நீங்கள் திருடன். கம்பளத்தில் நடந்தால் சத்தம் வராது, கல் தரையில் கேட்கும், இரும்புத் தகட்டில் நடந்தால் மொத்த மாளிகைக்கும் கேட்கும். அதனால் ஒரு அறைக்குள் நுழைந்ததும் நாம் முதலில் பார்ப்பது தரையை. தரையைப் பார்த்துக் கவலைப்படத் தொடங்கிவிட்டோம் என்றால் அந்த அறை நமக்கு உண்மையாகிவிட்டது என்று அர்த்தம். கவுன்டர்-ஸ்டிரைக்கில் ஷிஃப்ட் கீயை அழுத்திப் பூனை மாதிரி நடந்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இப்போது பிஜிஎம்ஐ (பப்ஜியின் இந்தியப் பதிப்பு) ஆடுகிறவர்களும் "அண்ணே, மாடியில ஃபுட்ஸ்டெப்" என்றுதான் கத்துகிறார்கள்.

இதெல்லாம் புதிதும் இல்லை. 1978-இல் ஜப்பானில் தொமோஹிரோ நிஷிகாதோ செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் நான்கே நான்கு தாழ்ந்த ஸ்வரங்கள் திரும்பத் திரும்ப வரும். எதிரிகள் குறையக் குறைய அந்தத் தாளம் வேகமெடுக்கும், எதிரிகளும் வேகமெடுப்பார்கள். எண்ணிக்கை குறைந்ததால் இயந்திரத்துக்கு வரைகிற வேலை குறைந்து, மிச்சம் இருந்தவை தானாகவே வேகமாக நகர்ந்தன. அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். நல்லவேளை.

பிஜிஎம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமா?

வேண்டாம். திருவிழா நேரத்தில் தெருமுனையில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் முதல் நாள் ஜோராக இருக்கும். மூன்றாம் நாள் அது ஓடுகிறதா நிற்கிறதா என்றே காதில் ஏறாது. ஓயாத பிஜிஎம்முக்கும் அதே கதிதான்.

2005-இல் வந்த ஷேடோ ஆஃப் தி கொலோசஸில் 16 ராட்சதர்களைத் தேடிக் குதிரையில் போக வேண்டும். போகிற வழி முழுக்கப் பாட்டே கிடையாது. காற்று, குளம்புச் சத்தம், அவ்வளவுதான். ராட்சதன் எழுந்து நிற்கிறபோதுதான் இசை வரும். அவ்வளவு நேரம் அமைதியில் வந்தவனுக்கு அது இடி மாதிரி இறங்கும். பிரெத் ஆஃப் தி வைல்டில் புல்வெளியில் நடந்தால் எப்போதாவது இரண்டு மூன்று பியானோ சுரங்கள் விழும், பிறகு ஒன்றும் இருக்காது. மைன்கிராஃப்டும் அப்படித்தான். மண்ணை வெட்டிக்கொண்டே இருப்போம், எந்த நேரம் பாட்டு வரும் என்று தெரியாது. வந்தால் ஒரு நிமிடம் கை நிற்கும்.

ஜிடிஏ வேறு வழியில் போனது. காரில் ஏறினால் ரேடியோ, இறங்கினால் தெருச் சத்தம். பாட்டு அந்த உலகத்துக்குள்ளேயே ஒரு பெட்டியிலிருந்து வருவதால் உறுத்தவில்லை.

திரையில் உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற ரத்தக் கோடு, புல்லட் எண்ணிக்கை, மூலையில் வழி காட்டுகிற மினிமேப் எல்லாம் இருந்தால் கெட்டுவிடுமா?

கேமைப் பொறுத்தது. போட்டி கேம் என்றால் எண் தெரிந்தே ஆக வேண்டும், அங்கே சூழல் பேசி வேலையில்லை.

சூழலை நம்பி ஓடுகிற கேம் என்றால் ஒவ்வொரு எண்ணும் "இது கண்ணாடிக்கு அந்தப் பக்கம்" என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கும். 2008-இல் வந்த டெட் ஸ்பேஸ் இதற்கு அழகான வழி கண்டுபிடித்தது. நாயகனின் உடையில் முதுகுத்தண்டு நெடுக ஒரு விளக்குக் கோடு இருக்கும், அதுதான் அவன் உயிர். குண்டு எத்தனை இருக்கிறது என்பதைத் துப்பாக்கியே காட்டும். அதே வருடம் வந்த ஃபார் கிரை 2-இல் மேப் என்பது கையில் விரித்துப் பிடிக்கிற காகிதம். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உலகம் நிற்காது, வண்டி ஓட்டிக்கொண்டே ஒரு கண் மேப்பில் வைத்தால் மரத்தில் போய் இடிப்பீர்கள்.

மினிமேப்தான் பெரிய திருடன். மூலையில் இருக்கிற அந்த வட்டத்தைப் பார்த்தே வண்டி ஓட்டினால், ஓட்டி முடித்த பிறகு வழியில் என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாது. செட்டிங்ஸில் அதை அணைக்க முடிந்தால் ஒரு நாள் அணைத்துப் பாருங்கள். முதல் அரை மணி நேரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் ஊரே வேறு மாதிரித் தெரியும்.

கதை நன்றாக இருந்தால் ஒன்றிவிடுவோம் அல்லவா?

கதை உதவும். ஆனால் கேமில் கதை வருகிற வழி முக்கியம். பத்து நிமிடம் வீடியோ ஓடவிட்டு, கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னால் அந்தப் பத்து நிமிடமும் நாம் வெளியேதான் இருக்கிறோம். 1998-இல் ஹாஃப்-லைஃப் இதை உடைத்தது. தொடக்கத்தில் ஒரு டிராமில் போய்க்கொண்டே இருப்போம். ஆய்வுக்கூடத்தின் உள்புறம் ஒவ்வொன்றாகக் கடந்து போகும், தலையைத் திருப்பி எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். கடைசி வரை கேமரா நாயகனின் கண்ணை விட்டு வெளியே வராது.

இன்னொரு வழி, பொருள்களைப் பேசவிடுவது. கீழடி அருங்காட்சியகத்தில் கதை சொல்ல எந்த நடிகரும் இல்லை. பானை ஓட்டில் 'ஆதன்' என்று ஒரு பெயர் கீறியிருக்கிறது. பக்கத்தில் பகடைக்காய், ஆட்டக்காய், பிள்ளைகள் விளையாடிய வட்டச் சில்லு. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலம் அதிலேயே தெரிகிறது. (அவர்களும் கேம் ஆடியவர்கள்தான் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.) நல்ல கேமில் ஒரு காலி வீட்டுக்குள் போனால் கவிழ்ந்த நாற்காலி, பாதி சாப்பிட்ட தட்டு, உள்ளே தாழ் போட்ட கதவு இவையே நடந்ததைச் சொல்லும். மேஜை மேல் நான்கு பக்கக் கடிதம் எழுதி வைத்து, அதை நாம் நின்று படிக்க வேண்டும் என்றால் அது எழுதினவரின் சோம்பல்.

சரி, சத்தமும் இருக்கிறது, படமும் இருக்கிறது. இருந்தாலும் ஒட்டவில்லை. ஏன்?

பெரும்பாலும் அந்த உலகம் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று அர்த்தம். ஒரு கதவைத் திறந்தோம், திறந்தது. அதே மாதிரி அடுத்த கதவு, வெறும் பெயின்ட். முழங்கால் உயர வேலியைத் தாண்ட முடியாத நாயகன், அடுத்த காட்சியில் ஹெலிகாப்டரிலிருந்து குதிக்கிறான். இந்த மாதிரி இரண்டு தடவை ஏமாந்தால் மூளை ஊகிப்பதையே நிறுத்திவிடும். இது வெறும் செட்டு என்று முடிவு கட்டிவிடும்.

பிரெத் ஆஃப் தி வைல்ட் இதில் கில்லாடி. மழை பெய்தால் பாறையில் கை வழுக்கும். இடி மின்னல் நேரத்தில் முதுகில் இரும்பு வாள் இருந்தால் மின்னல் உங்கள் மேல்தான் விழும். புல்லில் தீ வைத்தால் சூடான காற்று மேலே கிளம்பும், அதில் பாராகிளைடரை விரித்தால் உங்களையும் தூக்கும். யாரும் சொல்லித் தரவில்லை, ஆனால் ஊகித்தால் நடக்கிறது. எனக்கு ஒட்டுமொத்த ரகசியமே இதுதான் என்று தோன்றுகிறது: கேம் கொஞ்சம் மறைக்க வேண்டும், நாம் ஊகிக்க வேண்டும், ஊகித்தது சரியாக இருந்தால் உலகம் அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும்.

பயத்துக்கும் இதே விதி. 2014-இல் வந்த ஏலியன்: ஐசொலேஷனில் அந்த ஜந்துவைக் கொல்லவே முடியாது. கையில் இருக்கிற கருவி அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பீப் அடித்துச் சொல்லும். அந்த பீப் சத்தமே, அது கிட்டத்தில் இருந்தால், அதன் காதிலும் விழும். சேவ் செய்வதற்குக்கூட ஒரு பெட்டி முன்னால் சில விநாடி நின்று காத்திருக்க வேண்டும். என் கடையில் யாராவது மூச்சைப் பிடித்துக்கொண்டு விளையாடுகிறார்கள் என்றால் அந்தச் சில விநாடிகளில்தான்.

கன்ட்ரோலர், லேக் (அழுத்தியதற்குப் பிந்தி நடப்பது) இதெல்லாம் இதில் சேருமா?

நிச்சயமாக. கை அழுத்தியதும் நடக்க வேண்டும். விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடினால் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 16.7 மில்லி விநாடி, 30 என்றால் 33 மில்லி விநாடி. இதைவிட மோசம் ஏறி இறங்குகிற வேகம். சீராக ஓடுகிற 30-ஐக் கண் பழகிக்கொள்ளும், 60-க்கும் 35-க்கும் நடுவே தள்ளாடுவதைப் பழகாது. சாதாரண புளூடூத் ஹெட்செட்டில் சத்தம் ஒரு விநாடியில் ஐந்திலொரு பங்கு வரை பிந்திக்கூட வரும். துப்பாக்கி வெடித்து முடிந்த பிறகு வெடிச்சத்தம். வயர் ஹெட்போனே மேல்.

பட்டனிலும் உணர்ச்சி இருக்கலாம். 2001-இல் வந்த ஐகோவில் ஒரு பெண்ணைக் கோட்டையிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். ஆர்1 பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் அவள் கை உங்கள் கையில் இருக்கும். விட்டால் விட்டதுதான். கேம் முழுக்க ஒரு விரல் மடங்கியே இருக்கும். வசனத்தில் பாசத்தை எழுதுவதைவிட இது எவ்வளவு மேல் என்று விளையாடிப் பார்த்தால் தெரியும்.

மொபைலில் இதெல்லாம் வருமா?

வரும். திரை சின்னது என்பது பெரிய குறை இல்லை. நடுவில் மேலே இறங்குகிற வாட்ஸப் மெசேஜ்தான் குறை. நோட்டிஃபிகேஷனை அணையுங்கள், வெளிச்சத்தை அறைக்குத் தகுந்த மாதிரி வையுங்கள்.

கண்ணில் மாட்டுகிற விஆர் பெட்டியைப் போட்டால் முழுசாக உள்ளே போய்விடலாமே?

கண்ணுக்கு உலகம் நகர்கிறது, உள்காது "நீ உட்கார்ந்துதான் இருக்கிறாய்" என்கிறது. இந்த இரண்டும் சண்டை போட்டால் சிலருக்குத் தலைசுற்றி வாந்தி வரும். பிடித்தவர்களுக்கு நல்லது. நான் சென்டரில் வைக்கவில்லை, இடமும் பத்தாது.

"தம்பி, பையனைக் கூப்பிட்டால் காதிலேயே விழ மாட்டேங்குது. இது வியாதியா?"

அம்மாக்கள் கேட்கிற கேள்வி, சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொஞ்ச நேரம் மூழ்கி இருப்பதால் காதில் விழாமல் போவது வியாதி இல்லை, கிரிக்கெட் பார்க்கிற அப்பாவுக்கும் காது கேட்காது. உலக சுகாதார அமைப்பு கேமிங் கோளாறு என்று ஒன்றை வரையறுத்திருக்கிறது, 2022 முதல் அதன் நோய்ப் பட்டியலில் நடைமுறையில் இருக்கிறது. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட அதுவே முக்கியமாகிவிடுவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது, அதுவும் வழக்கமாக ஒரு வருடம் அளவுக்கு நீடிப்பது என்று அதற்கு அடையாளங்கள் சொல்கிறார்கள். படிப்பு, தூக்கம், சாப்பாடு எல்லாம் கெட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள், திட்டித் தீராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆளைக் கட்டிப்போடுகிற கேமும் சூழலுள்ள கேமும் ஒன்றில்லை. தினமும் வந்தால் பரிசு, ஒரு நாள் விட்டால் தொடர்ந்து வந்த கணக்கு போச்சு, சீசன் முடிய மூன்று நாள்தான் என்று கைபிடித்து இழுப்பது வியாபாரம். 2012-இல் வந்த ஜர்னி இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். வழியில் இன்னொரு ஆட்டக்காரர் வருவார், பெயர் தெரியாது, பேச முடியாது, ஒரு சின்ன ஓசை மட்டும் எழுப்பலாம். சேர்ந்து மலை ஏறுவீர்கள். முடிந்ததும் பையன் தானாகவே எழுந்து வருவான்.

தமிழ் ஆட்களைப் பற்றி இப்படிப்பட்ட கேம் இருக்கிறதா?

வெண்பா, 2023. டொரோண்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் செய்தது. கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், அம்மா சமைக்கிறார். சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி மேலே போகும் என்று நாம்தான் யோசிக்க வேண்டும். வீட்டில் இட்லி ஊற்றிப் பார்த்த பையன்கள் உடனே முடித்துவிட்டார்கள், பார்க்காதவர்கள் வீட்டுக்குப் போன் போட்டார்கள்! அடுப்புச் சத்தமும் பின்னால் ஓடுகிற பாட்டுகளும் அப்படியே நம்ம வீட்டுச் சமையலறை. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா, அறிமுகப் படைப்பாக வருகிற கேமுக்குத் தருகிற விருது இதற்குக் கிடைத்தது.

நாங்கள் மதுரையை வைத்து ஒரு கேம் செய்கிறோம். எங்கிருந்து தொடங்குவது, அண்ணே?

கோபுரத்தை மாடல் செய்வதிலிருந்து தொடங்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், சிலைகளை எண்ணி எண்ணி வைத்துவிட்டு அதோடு களைத்துப் போகிறார்கள்.

முதலில் தெரு. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாகப் போகிற வீதிகள் உங்களுக்கு ஏற்கெனவே கிடைத்த லெவல் டிசைன். நடுவில் கோபுரம் தலைக்கு மேல் தெரிந்துகொண்டே இருக்கும். ஜர்னியில் மலையும், ஹாஃப்-லைஃப் 2-இல் சிட்டடல் என்கிற உயரக் கட்டடமும் செய்கிற வேலையை அது செய்யும், மினிமேப்பே வேண்டாம். அதிலேயே ஒரு விளையாட்டும் இருக்கிறது. வெளியூர்க்காரர் கிழக்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போவார், சுற்றிவிட்டு வேறு வாசல் வழியாக வெளியே வந்து நிற்பார். நான்கு பக்கமும் கோபுரம், எல்லாம் ஒன்று போலவே. டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு அலைவார். இதைவிட நல்ல முதல் மிஷன் எனக்குத் தோன்றவில்லை.

வெறுங்கால் என்றதும் ஞாபகம் வருகிறது: இணையத்தில் கிடைக்கிற காலடிச் சத்தத் தொகுப்புகளில் பெரும்பாலும் பூட்ஸ்தான். கோயிலுக்குள் பூட்ஸ் சத்தம் கேட்டால் அந்த இடத்திலேயே எல்லாம் போச்சு. வெறுங்கால் கல்லில் படுகிற சத்தத்தை நீங்களே பதிவு செய்யுங்கள். உள்ளே எண்ணெய்ப் பிசுக்குள்ள வழவழப்பான கல், சித்திரை வெயிலில் ஆடி வீதியில் கொதிக்கிற கல், இரண்டிலும் நடையே வேறு. வெயிலில் ஆள் குதித்துக் குதித்துதான் போவான், நிழலைத் தேடி ஓடுவான். அதைக் கேரக்டர் அசைவில் கொண்டுவந்தால் சூட்டைத் திரையில் காட்ட வேறு எதுவும் தேவையில்லை.

எதிரொலியை மறக்காதீர்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள், திருமலை நாயக்கர் மகாலில் தலைக்கு மேல் எங்கோ இருக்கிற வளைவுகள். இரண்டிலும் ஒரே குரல் ஒரே மாதிரி ஒலிக்காது. மகாலில் ராத்திரி ஒலி-ஒளிக் காட்சி நடக்கிறதா என்று விசாரித்துவிட்டு ஒரு தடவை போய் உட்காருங்கள். சிலப்பதிகாரம் நடக்கும், ஒரு நடிகர்கூட வர மாட்டார். இருட்டு, தூண்கள், நிறம் மாறுகிற விளக்கு, குரல். கூட்டம் மொத்தமும் காலி முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் கேமுக்கு வேண்டிய பாதிப் பாடம் அங்கே டிக்கெட் விலையில் கிடைக்கிறது.

அழகர் ஆற்றில் இறங்குவதைக் கேமில் வைக்க ஆசைப்படுவீர்கள். லட்சக்கணக்கான ஆட்களை எந்தக் கம்ப்யூட்டரும் வரையாது, வரைந்தாலும் எறும்புக் கூட்டம் போலத்தான் இருக்கும். அங்கே உண்மையில் நின்றவனுக்கு என்ன தெரியும்? முன்னால் நிற்பவர் முதுகு, தோளில் உட்கார்ந்த குழந்தையின் கால், தோப்பறை என்கிற தோல்பையிலிருந்து முகத்தில் பீய்ச்சுகிற தண்ணீர், எங்கிருந்தோ அலையாக வருகிற "கோவிந்தா". அழகர் தெரிய மாட்டார், குடை மட்டும் ஆடி ஆடி வரும். இருபது பேரை வரைந்தால் போதும், மிச்சத்தைச் சத்தத்திடம் விட்டுவிடுங்கள்.

மல்லிகை வாசனையை எந்த ஸ்பீக்கரும் தராது. ஈரச் சாக்கு, அதில் தெளிக்கிற தண்ணீர், பார்க்காமலே தொடுக்கிற விரல்கள், முழங்கையில் வைத்து முழம் போடுகிற அந்த ஒரு அசைவு, அதைச் சரியாக அனிமேஷன் செய்யுங்கள். மதுரைக்காரனுக்கு வாசனை தானாக வரும். ஆட்கள் பேசும்போது சினிமாவில் வருகிற அரிவாள் மதுரை வேண்டாம். வழி கேட்டால் "அப்படியே அங்கிட்டுப் போயி விளக்குத்தூண்ல திரும்புங்க" என்று சொல்கிற ஒரு டீக்கடைக்காரர் போதும், அவர் சொன்ன இடத்தில் விளக்குத்தூண் இருக்க வேண்டும்.

விளையாடும்போது கரன்ட் போனால்?

சூழல் முழுசாக வந்துவிடும். சேவ் பண்ணியிருந்தால் நல்லது.

முதலில் எதை விளையாடிப் பார்க்கலாம்?

கையில் போன் மட்டும் இருந்தால் லிம்போ. பிளேஸ்டேஷன் இருந்தால் ஜர்னி, ஒரே மூச்சில், ராத்திரி. பயம் தாங்குகிறவர்கள் ஏலியன்: ஐசொலேஷனுக்குப் போகலாம், கதவைச் சாத்திக்கொண்டு போகாதீர்கள். கேம் தொடங்கும்போது "இந்தச் சின்னம் லேசாகத் தெரியும் வரை வெளிச்சத்தைக் குறையுங்கள்" என்று ஒரு திரை வரும். எல்லாரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாதீர்கள், இருட்டு இருட்டாக இருப்பது அந்த ஒரு அளவில்தான் இருக்கிறது.